சாவியைத் திருகுவதற்கு முன்னால் ஆயில் கம்பியைப் பாருங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். வகுப்பில் என்னைக் கேள்வி கேட்டது போல இங்கேயும் கேட்கலாம். இந்தத் தடவை பிரம்பு இல்லை!

நான் மகள் வீட்டுக்குக் கனடா வந்து ஒன்பது மாதம் ஆகிறது. ஒன்டாரியோ மாகாணத்தில், டொரான்டோவுக்கு வடக்கே சிம்கோ என்று ஒரு பெரிய ஏரி. அதன் பக்கத்து ஊரில்தான் இவர்கள் குடியிருப்பு. மாப்பிள்ளைக்குப் படகு மேல் கொள்ளை ஆசை. போன வருஷம் ஒரு பழைய பெட்ரோல் படகு வாங்கினார். அந்தப் படகின் எஞ்சின் பனியில் வெடித்துப்போனதையும், அதில் என் பங்கு என்ன என்பதையும்தான் எழுதப் போகிறேன். மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுங்க அத்தை, நாலு பேருக்கு உதவும்" என்றார்.

நாகப்பட்டினம் பக்கம் நான் பாடம் நடத்திய பிள்ளைகளில் பலர் இன்றைக்கு விசைப்படகிலும் பைபர் படகிலும் தொழில் செய்கிறார்கள். எஞ்சினைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததில் கால்வாசி எனக்குத் தெரியாது. ஆனால் பனி உங்களுக்குத் தெரியாது. அதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் விஷயம். காரில் ரேடியேட்டர் உண்டு. அதில் கூலன்ட் என்ற திரவம் உள்ளேயே சுற்றி வருகிறது. அது எளிதில் உறையாது. அதனால் குளிர்காலம் முழுக்க கார் வெளியே நின்றாலும் ஒன்றும் ஆவதில்லை. இந்த மாதிரிப் படகுகளில் பலவற்றில் அப்படி இல்லை. எஞ்சின் ஏரித் தண்ணீரையே உறிஞ்சி, தன் உடம்புக்குள் சுற்றவிட்டு, சூட்டை வாங்கி வெளியே தள்ளிவிடும். எஞ்சினை நிறுத்திய பிறகும் அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி பிளாக்குக்குள் தங்கிவிடும். அக்டோபர் மாதம் படகைக் கரையேற்றும்போது அதை வடித்துவிட வேண்டும். வடிக்காவிட்டால் பூஜ்யத்துக்குக் கீழே போகிற ஓர் இரவில் அது ஐஸ் ஆகும்.

ஐஸ் ஆனால் என்ன? ஏழாம் வகுப்பில் நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் அடர்த்தி. அதற்குக் கீழே குளிரக் குளிர விரியும். உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும். நூறு மில்லி தண்ணீர், நூற்று ஒன்பது மில்லி ஐஸ் ஆகும். வார்ப்பு இரும்பு அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. உள்ளேயிருந்து ஐஸ் தள்ளும்போது அது வளைந்துகொடுக்காது, கீறிக்கொள்ளும்.

இந்தப் பாடத்தை நான் எப்படி நடத்தினேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. புத்தகத்தில் உறைந்த ஏரியின் படம் இருக்கும், கீழே மீன் நீந்தும். "மேலே ஐஸ், கீழே 4 டிகிரி தண்ணீர், அதனால் மீன் பிழைக்கும்" என்று எழுதிப்போட்டு ஒரு மார்க் கேள்வியாக முடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் ஐஸ் கம்பெனி. உங்கள் அப்பாக்கள் அங்கேதான் மீனுக்கு ஐஸ் வாங்குவார்கள். அங்கே தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி ஐஸ் பார் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். டப்பாவின் வாய் திறந்திருக்கும். உறைகிற தண்ணீர் மேலே எழும்பிக்கொள்ளும், டப்பா பிழைத்துக்கொள்ளும். அந்த வாயை மூடி வெல்டிங் வைத்தால் டப்பா என்ன ஆகும் என்று நான் ஒரு நாளும் உங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருத்தனாவது "வெடிச்சிடும் டீச்சர்" என்று சொல்லியிருப்பான். படகு எஞ்சின் அந்த வாய் மூடிய டப்பாதான்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

போன அக்டோபர் கடைசி. மாப்பிள்ளைக்கு இரவு ஷிப்ட். பகலில் கிடைத்த இரண்டு மணி நேரத்தில் படகைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்தார். கடையில் கொடுத்தால் கூலி அதிகம் என்று தானே செய்தார். அது வி வடிவத்தில் ஆறு சிலிண்டர் எஞ்சின். பிளாக்கின் இரண்டு பக்கமும் அடியில் ஒவ்வொரு டிரெயின் பிளக். இரண்டையும் கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும். நான் டார்ச் அடித்துக்கொண்டு, அடியில் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இடது பக்கம் கழற்றியதும் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. தட்டு நிறைந்து வழிந்தது. வலது பக்கம் கழற்றியபோது அவர் கை மட்டும்தான் அந்தப் பக்கம் எட்டியது. தலை எஞ்சினுக்கு மறுபுறம். துளையைப் பார்த்துக்கொண்டிருந்தது நான்தான். துருப்பிடித்த தண்ணீர் நாலு சொட்டு விழுந்தது. நின்றுவிட்டது.

"வந்துச்சா அத்தை?" என்று கேட்டார்.

"வந்துச்சு" என்றேன்.

பொய் சொல்லவில்லை. நாலு சொட்டு வந்ததுதானே? ஆனால் என் மனசுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. ஒரு பக்கம் தட்டு நிறைய வந்தது, இந்தப் பக்கம் ஏன் நாலு சொட்டு? கேட்கவில்லை. எஞ்சின் வேலையில் மாமியார் என்ன மூக்கை நுழைப்பது என்று ஒரு தயக்கம். அவர் வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது என்று ஒரு சாக்கு. இதெல்லாம் ஒரு வேளை அப்படித்தான் போலும் என்று ஒரு சமாதானம்.

காரணம் மிகச் சாதாரணமானது. பழைய எஞ்சினில் துருவும் மணலும் சேறும் அடியில் படிந்து அந்தத் துளையை அடைத்துக்கொள்ளும். பிளக்கைக் கழற்றினாலும் தண்ணீர் வராது. ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குத்தினால் அடைப்பு உடைந்து கொட்டும். அவ்வளவுதான், ஒரு துண்டுக் கம்பி. எங்கள் வீட்டு அடுப்பங்கரைத் தொட்டி அடைத்தால் நான் செய்கிற அதே வேலை. அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. பிளக்குகளைத் திருப்பிப் போட்டு, மேலிருந்து இளஞ்சிவப்பு நிற ஆன்டிஃப்ரீஸ் ஊற்றினோம். வலது பக்கத்தில் ஏற்கெனவே ஏரித் தண்ணீர் இருந்ததால் அது உள்ளே இறங்க இடமில்லை. கொஞ்சம் இறங்கியிருந்தாலும் தண்ணீரோடு கலந்து வீரியம் குறைந்திருக்கும். டப்பா மேல் போட்டிருக்கிற மைனஸ் டிகிரி கணக்கு கலப்பில்லாத திரவத்துக்குத்தான். அதையும் இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

குளிர்காலம் வந்தது. ஏரி உறைந்தது. இவர்கள் என்னை அதன்மேல் நடக்க வைத்தார்கள். ஐஸில் துளை போட்டுத் தூண்டில் விடுகிறார்கள், கீழே நிஜமாகவே மீன் இருக்கிறது. முப்பத்து நாலு வருஷம் நடத்திய பாடத்தின் மேல் நின்றுகொண்டு பேரனுக்கு 4 டிகிரியை விளக்கினேன். வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் அதே பாடம் எஞ்சினைப் பிளந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

ஏப்ரல் கடைசியில் பனி கரைந்தது. மாப்பிள்ளை பேட்டரியை மாட்டினார். "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துடுவோம் அத்தை, ஓடினா நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றார். சாவியில் கை.

அப்போதுதான் சொன்னேன். "மாப்பிள்ளை, ஒரு நிமிஷம். அன்னைக்கு வலது பக்கம் நாலு சொட்டுதான் வந்துச்சு."

கையை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்த ஒரு நிமிஷம் ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். என் கருத்தும் இதுதான். பனிக்காலம் கழித்து வெளியே எடுத்த எஞ்சினை "ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது" சோதனை அல்ல. அது பந்தயம். விரிசல் உள்பக்கமாக இருந்தால், எஞ்சின் ஓடும்போது தண்ணீர் ஆயிலில் கலந்து பேரிங்குகளைத் தின்றுவிடும். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றிருந்தால் இன்னும் மோசம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துபோகும். காப்பாற்றக்கூடிய எஞ்சின் அந்தச் சில நொடியில் பழைய இரும்பாகிவிடும்.

சரி, என்ன வரிசையில் பார்க்க வேண்டும்? நாங்கள் பார்த்தது, பின்னால் மெக்கானிக் சொல்லிக்கொடுத்தது எல்லாம் சேர்த்து எழுதுகிறேன். குளிர் நாடுகளில் இருக்கிற என் பிள்ளைகள் இதைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் ஆயில் கம்பி. உருவிப் பாருங்கள். பால் விட்ட காப்பி மாதிரி இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் மட்டம் போன தடவையைவிட ஏறியிருந்தாலும் சந்தேகம்தான். ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

2. அடுத்து டார்ச்சும், பல் டாக்டர் வைத்திருப்பது போல ஒரு சின்னக் கண்ணாடியும். பிளாக்கின் இரண்டு பக்கமும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழேயும் பாருங்கள். தலைமுடி போன்ற கோடு, பெயின்ட் உரிந்த கோடு, துரு வழிந்த கோடு எதையும் விடாதீர்கள். மேனிஃபோல்டு, தண்ணீர் பம்பு, ஆயில் கூலர் எல்லாவற்றிலும் தண்ணீர் தங்கும், எல்லாமே வெடிக்கும்.

3. பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமான தகர மூடிகள் இருக்கும். ஃப்ரீஸ் பிளக் என்பார்கள். அவை புடைத்திருக்கிறதா, வெளியே தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். "உறைந்தால் இந்த மூடி கழன்றுகொள்ளும், பிளாக் தப்பிவிடும்" என்று இங்கே பலர் நம்புகிறார்கள். உண்மையில் அந்தத் துளைகள் வார்ப்பு வேலையின்போது உள்ளே இருக்கும் மணலை எடுப்பதற்காக விட்டவை. சில சமயம் மூடி கழன்று காப்பாற்றும், பல சமயம் மூடி அப்படியே இருக்க பிளாக் கீறும்.

4. டிரெயின் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். ஆன்டிஃப்ரீஸ் ஊற்றி வைத்திருந்தால் எல்லாத் துளையிலும் அந்த நிறம்தான் வர வேண்டும். வெறும் தண்ணீர் வந்தால், எதுவுமே வராமல் போனால், அந்த இடம் உறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

5. ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் துளை வழியே வெளியே வரும். சேதம் இல்லாமல் தெரிந்துவிடும்.

6. சந்தேகம் தீரவில்லையா? தண்ணீர் சுற்றும் வழியை அடைத்து, கைப்பம்பால் காற்றழுத்தம் கொடுத்து, முள் இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு. முள் நின்றால் நல்லது, இறங்கினால் எங்கேயோ ஓட்டை. இதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

7. இவ்வளவும் சரியாக இருந்தால்தான் சாவி. பெட்ரோல் எஞ்சின் உள்ளே இருக்கிற படகில் அதற்கு முன் புளோயரைக் குறைந்தது 4 நிமிஷம் ஓடவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் போய்த் தங்கும், ஒரு பொறி போதும். கரையில் ஓட்டினால் தண்ணீர்க் குழாய் இணைப்பு இல்லாமல் ஓட்டாதீர்கள், பம்பில் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் வறண்டு கிழிந்துவிடும். சூடேறும்வரை ஓடவிடுங்கள். சில விரிசல்கள் சூட்டில்தான் வாய் திறக்கும். நிறுத்திய பிறகு மறுபடி ஆயில் கம்பியைப் பாருங்கள்.

அவுட்போர்டு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் தானே வடிந்துவிடும். ஆனால் சாய்த்துத் தூக்கியே வைத்திருந்தால் தங்கும். கீழே கியர் ஆயிலையும் பாருங்கள், அதுவும் பால் நிறத்தில் இருந்தால் சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது. அது உறைந்தால் கியர் பெட்டி கீறும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். ஆயில் சுத்தமாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. கண்ணாடியை வலது பக்கம் நீட்டினேன். ஒரு மூடி புடைத்திருந்தது. அதற்கு மேலே, ஒரு சாண் நீளத்துக்கு, பென்சிலால் கிறுக்கியது போல ஒரு கோடு. மாப்பிள்ளை விரலால் தடவிப் பார்த்தார். நகம் மாட்டியது.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. மறுநாள் என் பென்ஷன் பணத்திலிருந்து எஞ்சின் செலவைத் தருகிறேன் என்று சொன்னேன். அவர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "அத்தை, நான் 'வந்துச்சா'ன்னுதான் கேட்டேன். 'எவ்வளவு வந்துச்சு'ன்னு கேக்கலையே. என் தப்பும்தான்."

பிள்ளைகளே, இதைக் கேட்டதும் என் வகுப்பறைதான் கண் முன்னால் வந்தது. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் நான் கேட்பேனே, "புரிஞ்சுதா?" நீங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில், "புரிஞ்சுது டீச்சர்!" நான் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். நாலு சொட்டுப் புரிந்தவனும் "புரிஞ்சுது" என்றுதான் சொன்னான், தட்டு நிறையப் புரிந்தவளும் "புரிஞ்சுது" என்றுதான் சொன்னாள். அடைத்துக்கொண்ட பிள்ளையைக் கம்பி விட்டுக் குத்திப் பார்க்க வேண்டியது என் வேலை. எத்தனை பேரை அப்படியே பிளக் போட்டு மூடி அனுப்பினேனோ தெரியவில்லை. உங்களில் யாராவது அப்படி இருந்தால் இந்த டீச்சரை மன்னித்துவிடுங்கள்.

இன்றைக்கு ஆசிரியராக இருக்கிற என் மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். "புரிஞ்சுதா" என்று கேட்காதீர்கள். "என்ன புரிஞ்சுது, சொல்லு" என்று கேளுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும்.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். கோடு தெரிந்த பிறகு தெரிந்தவர் ஒருவர் ஆலோசனை சொன்னார். "எம்-சீல் மாதிரி ஒரு பசையை அப்பி, மேலே பெயின்ட் அடிச்சு, மே மாசமே வித்துடுங்க. எல்லாரும் படகுக்கு அலையற நேரம், யாரும் பார்க்க மாட்டாங்க." என் மகளுக்குக்கூடக் கொஞ்சம் சபலம். கடன் இருக்கிறது, அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

பசை போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. வெளிப்பக்க விரிசலைச் சுத்தம் செய்து பசை போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. இரும்பைத் தையல் போடுவது போலப் பொருத்துகிற வேலைக்காரர்களும் உண்டு. தெரிந்து, தன் சொந்தப் படகில், தன் பொறுப்பில் ஒருவர் செய்துகொள்ளலாம். ஆனால் பெயின்ட் அடித்து மறைத்து இன்னொருவர் தலையில் கட்டுவது வேறு. அந்த எஞ்சின் கொல்லையில் நின்றுபோகாது, ஏரி நடுவில்தான் நிற்கும். மே மாசத்து ஏரித் தண்ணீர் எப்படி இருக்கும் தெரியுமா? கையை விட்டேன், எலும்புவரை குத்தியது. மூச்சுத் திணறவைக்கிற குளிர். அதில் யாராவது ஒரு அப்பனும் பிள்ளையும் மாட்டிக்கொண்டால்? நாம் கடலோரத்துக்காரர்கள். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் வீட்டுப் பெண்கள் கரையில் எப்படி நிற்பார்கள் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதைத்தான் மகளிடம் சொன்னேன். அவள் பேசவில்லை. மாப்பிள்ளை தானே விளம்பரம் எழுதினார். முதல் வரியே "எஞ்சின் பிளாக் பனியில் விரிந்திருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன்" என்று போட்டார். வாங்கிய விலையில் பாதிகூட வரவில்லை. வேறு எஞ்சின் வைத்திருந்த ஒருவர் வந்து, பார்த்து, கோட்டைத் தடவி, "இப்படி முன்னாடியே சொல்றவங்க கம்மி" என்று சொல்லி எடுத்துப்போனார். நஷ்டம் நஷ்டம்தான், அதை இனிப்பாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அன்று இரவு நான் சாப்பிட்டேன்.

"பேசாமல் கடையில் கொடுத்திருக்கலாமே" என்று சிலர் கேட்பீர்கள். கொடுக்கலாம், வசதி இருந்தால் கொடுங்கள். இன்ஷூரன்ஸ் வைத்திருந்தால் பனிச் சேதத்துக்குப் பணம் வருமா, என்ன நிபந்தனை என்று இப்போதே படித்துப் பாருங்கள். பலவற்றில் வராது. ஆனால் கடையில் கொடுத்தாலும் "பண்ணியாச்சா?" என்று கேட்காதீர்கள். "எத்தனை துளையில் வடிச்சீங்க, எவ்வளவு வந்துச்சு?" என்று கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்தவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

நம் ஊரில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். படகைக் கரையேற்றி எஞ்சின் வேலை பார்க்கிற என் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குப் பனி இல்லை, ஆனால் பால் நிற ஆயில் எங்கேயும் ஒரே செய்தியைத்தான் சொல்லும். இரண்டு மாசம் சும்மா நின்ற எஞ்சினை முதலில் பாருங்கள், பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பக்கத்தில் டார்ச் பிடித்து நிற்கிறது அம்மாவோ பிள்ளையோ யாராக இருந்தாலும், "ஏதாவது வித்தியாசமா தெரியுதா?" என்று ஒரு தடவை கேளுங்கள். டார்ச் பிடிக்கிறவர்களே, கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை அடுத்த வருஷம் சின்னதாக ஒரு அவுட்போர்டு படகு பார்க்கப் போகிறாராம். டார்ச் பிடிக்க என்னைத்தான் கூப்பிடுவாராம். நான் ஒரு துண்டுக் கம்பியை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.

படித்தவர்கள் கீழே "படிச்சேன் டீச்சர்" என்று மட்டும் போடாதீர்கள். என்ன புரிந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். நான் ஒவ்வொன்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்